இன்னும் காயாத பை

உன் கைப்பையைத் திருப்பிக் கொடுக்காமல் நான் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று உங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. பால் ஊற்றுகிறவள் போன வாரம் என்னிடமே கேட்டாள். அது தவறு. முதலில் அதைத் திருத்திவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். நான் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. பை இன்னும் காயவில்லை. அவ்வளவுதான்.

தையில் கொடுத்துவிட்டுப் போன பை ஐப்பசி வரையிலுமா காயவில்லை என்று கேட்பாய். மாசியில் நான் அதைத் தொடவில்லை. காரணம் உனக்கே தெரியும். பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்தியது. அந்தச் சூட்டில் ஈரத் தோலை வைத்தால் வெடித்துவிடும். ஆடியில் காற்று. நொய்யல் கரையின் புழுதி முழுவதும் வீட்டுக்குள் வந்து விழுகிறது. மெழுகு பூசிய தோலில் அது ஒட்டினால் பிறகு எடுக்க முடியாது. இப்போது மழை. ஒரு பையை ஒழுங்காகக் காயவைக்க இந்த ஊரில் எந்த மாதம்தான் தோதுப்படுகிறது, நீயே சொல்.

இன்று காலை அலமாரியைத் திறந்தேன். தோலின் வாசனை, நான் பூசும் விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் கலந்த வாசனை, இரண்டுக்கும் அடியில் மெலிதாகத் தேங்காயெண்ணெய். எத்தனை முறை துடைத்தாலும் போகாத உன் தேங்காயெண்ணெய். கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அங்கேயே நின்றேன். பிறகு பையை எடுத்து மேசையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்தேன். தையல் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் ஆரம்பித்திருக்கிறது. மழைக்காலத்தில் அது வரத்தான் செய்யும். இன்று அதைத் துடைத்தாக வேண்டும். நாளை உன் மகள் வருகிறாள்.

"ஞாயித்துக்கெழம வாரனுங்க பெரீம்மா, அம்மாவோட பைய எடுத்துக்கறனுங்க" என்று உடுமலை பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள். சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாள், எழுதவில்லை. சந்தேகமே இல்லை, உன் மகள்தான்.

இந்தப் பை எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று சீமைக்குத் திரும்பிப் போனபோது, குன்னூரில் அவர்கள் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பெரிய மரப்பெட்டியை எடுத்தார். எங்கள் பனியன் கம்பெனியில் நூல் மாதிரிகளைப் போட்டு வைக்கலாம் என்று வாங்கியது. திறந்து பார்த்தால் அடியில் கிழிந்த திரைச்சீலைகளுக்குக் கீழே சில தோல் பைகள். அப்போதே அவை பழையவை. பச்சையாகப் பூஞ்சணம் பூத்து, மடிப்புகளில் விறைத்துப்போய்க் கிடந்தன. செத்த மாட்டுத் தோல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று என் மாமியார் வாசலிலேயே தடுத்துவிட்டார். அதனால் அந்த வேலை பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நடந்தது.

எனக்கு அது புதிய வேலையல்ல. கான்வென்ட்டில் படித்தபோது சனிக்கிழமைதோறும் காலணிகளும் பைகளும் எங்கள் பொறுப்பு. மடிப்புக்குள் அழுக்கு இருந்தால் சிஸ்டர் திருப்பிக் கொடுத்துவிடுவார். "அதுவும் தோல்தான். உன் முகத்துக்குச் செய்யத் துணியாததை அதற்கும் செய்யாதே" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. தண்ணீரில் முக்கக்கூடாது. வெயிலில் போடக்கூடாது. முரட்டுத் துணியால் தேய்க்கக்கூடாது. மென்மையான பிரஷ்ஷால் தூசியை எடுத்து, சோப்பு நுரையை மட்டும் துணியில் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் துடைக்க வேண்டும். உள்ளே காகிதத்தைத் திணித்து நிழலில் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

நான் அப்படி ஆறவிட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் நீ பின்வாசல் வழியாக வந்தாய். அப்போது நீங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தீர்கள். உன் வீட்டுக்காரர் சலவைப் பட்டறை வைத்திருந்தார். எங்கள் கம்பெனியில் பின்னிய பனியன் துணி உங்கள் தொட்டிகளில்தான் வெளுக்கும். நீ எதற்கு வந்தாய் என்பது மறந்துவிட்டது. கருவேப்பிலைக்காக இருக்கலாம்.

"ஏனுங்க கான்வென்ட்டு, செத்த மாட்டுக்குத் தல சீவி உடறீங்களா?"

நான் பிரஷ்ஷால் தூசியை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"எங்கூடப் பேச மாட்டீங்களா? மாட்டுகூடத்தான் பேசுவீங்களா?"

"கையைக் கழுவிவிட்டு வா. உனக்கு ஒரு பை தருகிறேன்."

"கழுவுனா ஒரு பையி. கழுவாட்டி?"

"கழுவாவிட்டால் காபிகூடக் கிடையாது."

நீ சிரித்த சிரிப்பில் மாமியார் எட்டிப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, இருந்ததிலேயே மோசமானதைத்தான் எடுத்தாய். தேக்கு நிறம், அகலமான மூடி, கொக்கி உடைந்தது. நல்லது ஒன்றை எடுத்துக்கொள் என்றேன். "நல்லத எடுத்தா உங்களுக்கு வேலை இல்லாமப் போயிருமுங்களே" என்றாய். அன்றைக்கு அதை வெறும் கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

கொக்கிக்காக இரண்டு பேரும் அனுப்பர்பாளையம் போனோம். பாத்திரப் பட்டறையில் குத்துவிளக்குக்குத் திரி மூக்கு வார்க்கிறவர் அந்தக் கொக்கியைப் பித்தளையில் வார்த்துக் கொடுத்தார். பைக்கு அது பெரிது. கனம் வேறு. மூடினால் 'டக்' என்று தெரு முழுவதும் கேட்கும். யார் வீட்டுக் கல்யாணத்திலோ தாலி கட்டும் நேரத்தில் மேளம் ஒரு கணம் ஓய, நீ கைக்குட்டைக்காகப் பையைத் திறந்தாய். நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார். "அடுப்புல இருந்து எறங்கி வந்த கொக்கிங்க, சத்தம் போடத்தான் செய்யும்" என்று முன்வரிசைக்கே கேட்கும்படி சொன்னாய். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். உன் பேச்சுக்கு வெட்கப்பட்டு அல்ல, சிரிப்பு வந்துவிடக்கூடாதே என்று.

பித்தளைக்குப் புளி போடாதே, புளி தோலில் பட்டால் கறுத்துவிடும் என்று சொல்லியிருந்தேன். பின்னால் ஓர் அட்டையைச் செருகி, சலித்த சாம்பலால் நான் தேய்ப்பேன். "முருகனுக்குப் பூசறதக் கொக்கிக்கும் பூசறீங்களே" என்பாய். சொன்னதில் எதைத்தான் நீ கேட்டாய்? ஒரு மழை நாளில் நனைந்த பையைத் துடைக்க, பட்டறைக் கொடியில் தொங்கிய பனியன் துண்டை உருவி எடுத்து அழுத்தித் தேய்த்தாய். அந்தத் துணி இன்னும் அலசப்படவில்லை. பிளீச்சிங் பவுடர் அதில் அப்படியே இருந்தது. திருப்பூரைத் தவிர வேறெங்கும் ஒரு பைக்கு இந்தக் கதி வராது. மறுநாள் மூடியின்மேல் உன் நான்கு விரல்களும் போன தடம் வெளுத்துப்போய்த் தெரிந்தது. பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "வெளுப்பு நல்லா ஏறியிருக்குதுங்க. எங்கூட்டுக்காரரு இத்தன நல்லா வெளுத்ததில்ல" என்றாய். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தடத்தின்மேல் பழுப்பு கிரீம் தடவி மறைப்பேன். சில மாதங்களில் மறுபடி வெளியே வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அதைப் பற்றியும் ஊரில் பலவிதமாகச் சொன்னார்கள். அழுத்தக்காரி என்றார்கள். நான் சாத்தியது அழுத்தத்தால் அல்ல. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைவிட என் வீட்டைத்தான் அதிகம் பார்த்தார்கள். மகன் பம்பாயிலிருந்து வந்தான், போனான். என்னையும் கூப்பிட்டான். நான் போகவில்லை. அதே சமயத்தில் உன் வீட்டுக்காரரும் பட்டறையை விற்றுவிட்டுச் சொந்த ஊரான கொமரலிங்கத்துக்கே உங்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அமராவதித் தண்ணீர், நெல் வயல், தென்னை. உனக்கு அங்கே ஆயிரம் வேலை. எனக்கு இங்கே பக்கத்துக் கம்பெனியின் இயந்திரச் சத்தமும் சங்குச் சத்தமும்.

நான் கடிதம் எழுதினேன். நீ பதில் எழுதியதே இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுதத் தெரியாதவள் அல்ல. கண்டக்டரிடம்தான் சொல்லியனுப்புவாய். "கான்வென்ட்டம்மா, கொமரலிங்கத்தம்மா நல்லா இருக்காங்களாம், நெல்லு அறுத்தாச்சாம், உங்களத் திட்டச் சொன்னாங்க" என்று பஸ் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் அவர் சொல்வார். எனக்கு அவமானமாக இருக்கும். ஒவ்வொரு கடிதத்தையும் ஒரே வரியில்தான் முடிப்பேன்: வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் பதில் போடவும்.

அதற்குப் பதிலாகத்தான் தை மாதம் நீயே வந்தாய். கொமரலிங்கத்திலிருந்து பழனி கிட்டத்தில். நீயோ பஸ் ஏறிப் பழனிக்கு எதிர்த்திசையில் திருப்பூருக்கு வந்து, எங்கள் தெருப் பாதயாத்திரைக் கூட்டத்தோடு சேர்ந்து பழனிக்கு நடந்தாய். அங்கிருந்தே போனால் என்ன என்று கேட்டேன்.

"கிட்டத்துல இருந்து நடந்தா முருகன் அதச் சேத்துக்க மாட்டாருங்க. கோயலுக்குப் போறதா, கொல்லைக்குப் போறதாம்பாரு."

மாலை போட்டவர்கள் தோலைத் தொடக்கூடாது. அதனால் கைப்பையை ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் போட்டு, அதன் காதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து என் கதவைத் தட்டுவாய். "நான் நடந்துட்டு வாரவரைக்கும் வெச்சுக்கங்க. அப்படியே சித்த தொடச்சு வையுங்க." திறந்து பார்த்தால் பை முழுவதும் தேங்காயெண்ணெய். அதில் ஒரு வருடத்துப் புழுதி. ஒவ்வொரு தையிலும் அப்படியே. தேங்காயெண்ணெய் தோலுக்குள் ஊறிச் சிக்குப் பிடிக்கும், கறுக்கும், எறும்பு வரும் என்று எத்தனை முறை சொன்னேன். "மறந்து போச்சுங்க" என்று தலையைக் குனிந்துகொள்வாய். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி எண்ணெயை இழுக்கவிட்டு, தட்டி, மறுபடி தூவி, நீ பழனியிலிருந்து திரும்பும்வரை எனக்கு அந்த வேலையே சரியாக இருக்கும். வேறு எதையும் நினைக்க நேரம் இருக்காது.

ஒன்றை மட்டும் நான் உன்னிடம் நேரில் சொன்னதில்லை. மாலையும் பச்சைச் சேலையுமாகப் புறப்படும் ஒரு சுமங்கலி என் முகத்தில் விழிக்கக்கூடாது என்று அந்தக் கூட்டத்துப் பெண்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். ஒருத்தி வெளிப்படையாகவே, "பொறப்படற நேரத்துல அங்க எதுக்குங்க போறீங்க?" என்று கேட்டாள். நீ என் வாசலில் நின்றபடியே திரும்பி, "இந்த மூஞ்சியப் பாத்துட்டுப் போனாத்தானுங்க எனக்குக் கால் வலிக்கறதில்ல. மலை ஏறையில இந்தம்மா திட்டுனதெல்லாம் நெனச்சுக்கிட்டே ஏறுனா, படி ஏறுனதே தெரியறதில்லீங்க" என்றாய். நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அன்று வெகுநேரம் அந்தப் பவுடர் டப்பாவைத் திறக்க முடியவில்லை.

போன தையில் நீ பஞ்சாமிர்தத்தோடு திரும்பி வரவில்லை. பழனியிலேயே காய்ச்சல் வந்துவிட்டது என்றும், அப்படியே உன்னை ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள் என்றும் கண்டக்டர் சொன்னார். "பைய அடுத்த வாரம் வந்து வாங்கிக்கறாங்களாம்." பை தயாராகத்தான் இருந்தது. அதை உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். அப்போதே அது காய்ந்துதான் இருந்தது.

மாசியில் ஒரு நாள் கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி என் வீட்டுக்கே வந்தார். முன்பு ஒருபோதும் வந்ததில்லை. வாசலில் நின்றுகொண்டு சொன்னார். நான், "எழுத்தில் வரட்டும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "அம்மா, நானே அங்க போயிட்டுத்தானுங்க வாரன்" என்றார். "எழுத்தில் வரட்டும்" என்று மறுபடியும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

வந்தது. கருமாதிப் பத்திரிகை, ஓரத்தில் கறுப்புக் கோடு போட்டது. உன் வீட்டிலிருந்து எனக்கு எழுத்தில் வந்த முதல் கடிதம்.

எழுதப் போதிய வெளிச்சம் இல்லை. பூஞ்சணத்தைத் துடைக்க வேண்டும். மீதியை நாளை எழுதுகிறேன்.

*

உன் மகள் வந்து போய்விட்டாள்.

அவள் வருவதற்கு முன்பே ஒரு முடிவோடு இருந்தேன். பை இன்னும் காயவில்லை, தை கழித்து வா என்று சொல்லிவிடுவது என்று. வாசலில் நின்றவளைப் பார்த்ததும் உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. நேரே மேசைக்குப் போய்ப் பையைத் தொட்டாள். மூடியைத் திறந்து மூடினாள். 'டக்'.

"பெரீம்மா, காஞ்சுதானுங்களே இருக்குது" என்றாள்.

"மேலே காய்ந்திருக்கும். உள்ளே ஈரம் இருக்கும்."

அவள் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். வெளியே எடுத்த விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவளுக்கு உன் வாய் இல்லை. நல்ல பெண்.

பேச்சை மாற்ற நான்தான், "உன் அம்மா இதை வருடம் முழுக்க எங்கே எல்லாம் தூக்கிக்கொண்டு போவாள்? எவ்வளவு அழுக்கு, எவ்வளவு எண்ணெய்!" என்றேன்.

அவள் சிரித்தாள். அதில் மட்டும் நீ இருந்தாய்.

"எங்கயும் கொண்டு போக மாட்டாங்க பெரீம்மா. தோட்டத்துக்குப் போறவங்களுக்கு எதுக்குங்க கைப்பையி? பீரோவுக்குள்ள துணியச் சுத்தி வெச்சிருப்பாங்க. எங்களத் தொட உட மாட்டாங்க. தை பொறந்தாத்தான் எடுப்பாங்க. வாசல்ல உக்காந்து தேங்காயெண்ணெய நல்லாத் தேச்சு, அப்பறம் புழுதியில பொரட்டி எடுப்பாங்க."

"என்ன?"

"ஆமாங்க. எங்கப்பாகூடத் திட்டுவாரு, ஏண்டி நல்ல பைய இப்படிக் கெடுக்கறேன்னு. அம்மா சொல்லுவாங்க, 'அந்தக் கான்வென்ட்டுக்காரி ஊட்டுக்குச் சும்மா போனாக் கதவு தொறக்காதுங்க. வேலையோட போனாத்தான் தொறக்கும்'னு. உங்களுக்குத் தெரியுமின்னு நெனச்சனுங்க."

காபி போடுகிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. என்னை ஏமாற்ற யாராலும் முடியாது என்று இருந்தவள் நான். வருடா வருடம் உன்னை நிறுத்தி வைத்துத் திட்டினேனே, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாயே, "மறந்து போச்சுங்க" என்றாயே. குனிந்த தலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தாயா? உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, நான் துடைக்க வேண்டிய அழுக்கை நீ கையால் பூசிக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு கோபம் நிற்கவில்லை.

காபியோடு வந்து பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மூடியின்மேல் இருந்த வெளுப்பைப் பார்த்து, "இது என்னங்க பெரீம்மா?" என்றாள். இந்த முறை நான் அதன்மேல் கிரீம் தடவவில்லை. சொன்னேன். சலவைப் பட்டறை, மழை, பனியன் துண்டு, எல்லாம். "அம்மா கையா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. முந்தானையால் பையை மூடி மார்போடு வைத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது திரும்பி, "தை மாசம் நான் மாலை போடறனுங்க பெரீம்மா. பைய இங்கயே கொண்டாந்து வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள். பை வேண்டாம் கண்ணு, நீ மட்டும் வா என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வராதே" என்றேன். "சரிங்க" என்று போனாள். உன்னைப் போலவே. அவள் கேட்கப்போவதில்லை என்று நினைக்கிறேன்.

மேசையில் செய்தித்தாள் அப்படியே கிடக்கிறது. அதில் பை இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை, பையின் அளவுக்கே. பக்கத்துக் கம்பெனியில் இன்று விடுமுறை. சத்தம் இல்லை. என் விரல் நகங்களில் மெழுகு இருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. போக வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். ஒரு தையில், எண்ணெயும் புழுதியும் மஞ்சள் பையும் இல்லாமல் வெறுங்கையோடு நீ வந்து தட்டியிருந்தால், நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன் என்று உண்மையாகவே நினைத்தாயா? திறந்திருப்பேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. என்னை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் நீ. நீயே சொல்.

கண்டக்டரிடம் சொல்லியனுப்ப வேண்டாம். எழுத்தில் பதில் போடவும்.